சுகர் ரிப்போர்ட்டோடு கிராஃபையும் கேட்டு வாங்குங்கள்

வீட்டில் சுகர்க்காரர் ஒருவர் இருந்தால் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவரும் இருக்கும். பழைய மருந்துச் சீட்டு, இ.சி.ஜி. தாள், கண் டாக்டர் எழுதிக் கொடுத்தது, அதற்கு நடுவில் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. ஹெச்பிஏ1சி என்ற வரியைத் தேடுங்கள். 7.2, 8.4 என்று ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழேயோ பக்கத்திலேயோ, யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அச்சடித்தது போலப் பொடி எழுத்தில் ‘முறை: ஹெச்பிஎல்சி’ என்று ஒரு துண்டு வரி இருக்கும்.

இந்தப் பதிவு அந்தத் துண்டு வரியைப் பற்றியது. அதன் விரிவு ஹை பெர்ஃபார்மன்ஸ் லிக்விட் க்ரோமட்டோகிராபி. கலந்து கிடக்கும் ஒரு திரவத்தை, அதில் உள்ள ஒவ்வொரு பொருளாகப் பிரித்து எடுத்து அளக்கும் முறை.

நான் நெரவிக்காரி. காரைக்காலில் ஒரு லேபில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் ரிப்போர்ட்டோடு நிறுத்துவார்கள். அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. 2023 ஜூனில் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு வந்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் நடத்தியது. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1,13,043 பேரைச் சோதித்தார்கள். 20 வயதைக் கடந்தவர்களில் நாடு முழுவதும் சராசரியாக 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவா 26.4. அடுத்த இடம் நம்முடைய புதுச்சேரி, 26.3. கேரளா 25.5. அதாவது நம் யூனியன் பிரதேசத்தில் வயது வந்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் ஒருவருக்கு இருக்கிறது. அவ்வளவு பேரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்கிறார்கள். எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், இல்லையென்றால் சாப்பாட்டை ஒதுக்கி வைக்கிறார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

போன ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பெரியப்பா வந்தார். காரைக்கால் அம்மையாருக்கு மாம்பழம் இறைக்கிற ஊரில் அந்த ஒரு வாரம் யாரும் மாம்பழத்துக்குத் தப்ப முடியாது. ஆனால் அவர் கெட்டிக்காரர். பழமெல்லாம் சாப்பிட்டு முடித்து, பிறகு பத்து நாள் பத்தியம் இருந்து, அதன் பிறகுதான் லேபுக்குப் போயிருந்தார்.

“ஏன் பாப்பா, பத்து நாளா நாக்குல இனிப்பே படல. வெறும் வயித்துல 118தான் வந்துருக்கு. இது மட்டும் எப்படி 8.4 காட்டுது? மிஷின் கோளாறா?”

“இது பத்து நாள் கணக்கு இல்ல பெரியப்பா. நீங்க சித்திரையில சாப்பிட்டதும் இதுல இருக்கு.”

அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரத்தச் சிவப்பணுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்கிற புரதம். இரத்தத்தில் ஓடும் குளுகோஸ் சிவப்பணுக்குள்ளும் போகும். போன இடத்தில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி தொடங்குகிற முனையில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த நொதியின் உதவியும் இதற்கு வேண்டாம். சர்க்கரை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக ஒட்டும். முதலில் தளர்வாக ஒட்டுகிறது, வேண்டுமானால் விட்டுவிட்டும் போய்விடும். சில மணி நேரம் கழிந்து அணுக்கள் உள்ளுக்குள் இடம் மாறி உறுதியாகப் பிணைந்துவிட்டால் பிறகு அந்தச் சிவப்பணு சாகிற வரைக்கும் பிரியாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே உங்கள் கையில் ஊசி குத்தி எடுக்கிற இரத்தத்தில் நேற்றுப் பிறந்த அணுவும் உண்டு, மூன்றரை மாதத்துக் கிழட்டு அணுவும் உண்டு. ஒவ்வொன்றும் தான் பார்த்த சர்க்கரையைத் தன்மேல் எழுதி வைத்திருக்கிறது. கடைசி ஒரு மாதத்துக்குக் கணக்கில் ஏறக்குறையப் பாதிப் பங்கு, மீதி அதற்கு முந்தைய மாதங்களுக்கு. பத்து நாள் பத்தியம் வெறும் வயிற்றுச் சர்க்கரையை இறக்கும். இதை அதிகம் அசைக்காது.

சரி, சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினும் ஒட்டாத ஹீமோகுளோபினும் ஒரே சிவப்பாக, ஏறக்குறைய ஒரே எடையில் ஒரே சொட்டுக்குள் கலந்து கிடக்கின்றன. நூற்றில் எத்தனை ஒட்டியது என்று எப்படி எண்ணுவது?

இங்கேதான் ஹெச்பிஎல்சியின் குழாய் வருகிறது. காலையில் ஊதா மூடி போட்ட டியூப்கள் வரிசையாக வந்து ரேக்கில் நிற்கும். உள்ளே இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கும். கருவியின் மெல்லிய ஊசி மூடியைத் துளைத்து இறங்கித் துளியூண்டு எடுக்கும். அதைக் கரைசலில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். உடைந்ததும் ஹீமோகுளோபின் எல்லாம் வெளியே வந்து தெளிந்த சிவப்பு நீராகிவிடும். பம்ப் அதை ஒரு சிறிய குழாய்க்குள் தள்ளும். கைவிரல் நீளம்கூட இருக்காது, ஆனால் கருவியின் உயிரே அதுதான். அதற்குள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மணிகள் நெருக்கமாக அடைத்திருக்கும். அந்த மணிகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம். அந்த அமிலத்தன்மையில் ஹீமோகுளோபினுக்கு நேர் மின்னூட்டம். ஆக, போகிற போக்கில் ஹீமோகுளோபின் மணிகளில் ஒட்டி ஒட்டித்தான் நகரும்.

திருவிழா அன்று கோயிலைச் சுற்றிய கடைத்தெருவில் ஒரே நேரத்தில் நுழைகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையல் கடை, பொரி கடை, பலூன் என்று ஒவ்வொன்றிலும் நிற்கிறவர்கள் தெருக்கோடிக்கு வர நேரமாகும். கடைகளில் நாட்டமில்லாதவர்கள் முதலில் வெளியே வந்துவிடுவார்கள். தெருவின் மறுமுனையில் நின்று வருகிறவர்களை எண்ணினால் போதும், யார் எந்த ரகம் என்று வந்த நேரமே சொல்லிவிடும்.

சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் அந்த முனையில் தன் நேர் மின்னூட்டத்தை இழந்துவிடுகிறது. மணிகள் அதை வலுவாகப் பிடிப்பதில்லை, அது முந்திக்கொண்டு வெளியேறும். ஒட்டாதது நின்று நிதானமாக வரும். அதையும் கடைசியில் வெளியேற்ற, ஓடுகிற பஃபரில் உப்பின் அளவைக் கருவி சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும். உப்பின் சோடியம் போய் மணிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஹீமோகுளோபின் பிடி தளர்ந்து கிளம்பும். குழாயின் வாயில் 415 நேனோமீட்டர் ஒளி காத்திருக்கிறது. ஹீமோகுளோபின் மிக விரும்பி உறிஞ்சுகிற ஒளி அது. ஒவ்வொரு வகை கடக்கும்போதும் ஒளி குறைகிறது, திரையில் ஒரு சிகரம் எழுகிறது. சிகரத்துக்குக் கீழே உள்ள பரப்புதான் அளவு. இப்போதுள்ள கருவிகளில் ஒரு இரத்தத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

பெரியப்பாவின் கிராஃபை மறுநாள் லேபில் எடுத்துப் பார்த்தேன். இடமிருந்து வலமாக முதலில் ஏ1ஏ, ஏ1பி என்று இரண்டு குட்டி மேடுகள். அடுத்து எஃப், அதாவது கருவில் இருக்கும்போது இருந்த ஹீமோகுளோபினின் மிச்சம், பெரியவர்களுக்கு ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதற்கடுத்து எல்ஏ1சி. தளர்வாக ஒட்டியது என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே தனியாக வந்து நிற்கிறது. பிறகு நிறம் தீட்டிக் காட்டிய ஏ1சி. கடைசியில் தாளின் உச்சியைத் தொடும் ஏ0.

அந்த எல்ஏ1சியைக் கொஞ்சம் கவனியுங்கள். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு அது கூடுதலாக இருக்கும். ஆரம்ப காலக் கருவிகளால் அதை ஏ1சியிலிருந்து பிரிக்க முடியவில்லை, முன்கூட்டியே அதை அகற்றத் தனி வேலை செய்ய வேண்டியிருந்தது. இப்போது குழாயே பிரித்துவிடுகிறது. ‘இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம்’ என்று நாங்கள் சொல்வதற்கு இந்தப் பிரிப்பும் ஒரு காரணம். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கூச்சத்தோடு சொல்கிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை.

இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? வெளியேறிய வரிசையிலிருந்தேதான். அந்தக் கதையை இந்தக் குழாய் முறையின் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1903-இல் வார்சாவில், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். அவர் காலத்தில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1941-இல் இங்கிலாந்தில் கம்பளி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மார்ட்டினும் சிஞ்சும் ஒரு திரவத்தையும் இன்னொரு திரவத்தையும் வைத்துப் பிரிக்கும் முறையைக் கொடுத்தார்கள், 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1958-இல் ஆலன், ஷ்ரோடர், பாலோக் என்ற மூவர் அயனிப் பரிமாற்ற மணிகள் நிரப்பிய குழாயில் ஆரோக்கியமான மனிதர்களின் ஹீமோகுளோபினை ஓட்டிப் பார்த்தபோது, பெரிய பகுதிக்கு முன்னால் சின்னச் சின்னதாகச் சில வெளியே வந்தன. அவற்றுக்கு வந்த வரிசையில் வைத்த பெயர்கள்தான் ஏ1ஏ, ஏ1பி, ஏ1சி. சர்க்கரை நோயோடு ஏ1சிக்கு உறவு இருக்கிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

அந்த உறவைக் கண்டவர் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் இருந்த சாமுவேல் ரஹ்பர். இவர் பெயர் சுகர்க்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறுகளைத் தேடி மருத்துவமனைக்கு வந்தவர்களின் இரத்தத்தை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிலரிடம் வழக்கமில்லாத வேகமான பட்டை ஒன்று தெரிந்தது. அவர்கள் சர்க்கரை நோயாளிகள் என்பதைக் கவனித்து, மற்ற சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அவர்களிடமும் அது இருந்தது. 1968-இல் எழுதினார். அவர் தேடியது பரம்பரைக் கோளாறை, கையில் கிடைத்தது வாழ்க்கைமுறையின் தடம். விசித்திரமாக ஒன்று தெரிந்தால் அதை ஒதுக்கி எறியாமல் ‘இது யாருடைய இரத்தம்’ என்று கேட்ட அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தப் பதிவின் பிற்பகுதியும் அதைப் பற்றித்தான்.

1976-இல் அமெரிக்காவில் கோனிக், செராமி குழுவினர் ஐந்து நோயாளிகளை மருத்துவமனையில் தங்கவைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கூடவே ஏ1சியும் இறங்குவதைக் காட்டினார்கள். 1,441 பேரை வைத்து நடந்த டி.சி.சி.டி. ஆய்வு 1993-இல் வெளியானது. ஏ1சியைக் குறைத்து வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு தப்பிக்கும் என்பது அதில் உறுதியானது. அந்த ஆய்வில் அளந்த முறையும் அயனிப் பரிமாற்றக் குழாய்தான். அதனால்தான் இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கருவியில் அளந்தாலும் அந்த எண்ணோடு ஒத்துவரும்படி சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘என்.ஜி.எஸ்.பி. சான்று’ என்று சில ரிப்போர்ட்டில் போட்டிருப்பது அதைத்தான். 6.5-ஓ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரை நோய் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஏற்றுக்கொண்டது. நம் சென்னையில் 2001-இல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்விலும் ஏ1சியை ஹெச்பிஎல்சியில்தான் பார்த்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு நெரவி என்றால் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் நிறுவனம்தான். காவிரிப் படுகையின் அலுவலகம் இங்கே இருப்பதால் எண்ணெய்க் கிணறு உள்ள ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் மாற்றலாகி வருவார்கள், குஜராத்திலிருந்து, அசாமின் சிவசாகரிலிருந்து. சந்தையில் அரைகுறைத் தமிழில் மீன் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள், எங்களுக்கு அது பழகிப்போனது. அப்படி அசாமிலிருந்து வந்த ஒருவரின் டியூப் ஒரு நாள் எங்கள் ரேக்கில் இருந்தது. முன்பு வேறொரு இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டுவந்திருந்தார். ஏ1சி ஒழுங்காக இருந்தது. ஆனால் வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சாப்பிட்ட பின் 230, 250 என்று காட்டுகிறது. எது உண்மை என்று அவருக்குக் குழப்பம். டாக்டருக்கும் குழப்பம்.

எங்கள் கருவியும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் கொடுத்தது. கிராஃப் வேறு கதை சொன்னது. ஏ0 சிகரத்துக்குப் பின்னால், எதுவும் இருக்கக்கூடாத இடத்தில் இன்னொரு சிகரம் எழும்பி நின்றது. அது ஹீமோகுளோபின் இ. பீட்டா சங்கிலியில் 26-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின். ஒரே ஒரு எழுத்து மாறியதால் நேர் மின்னூட்டம் கூடிவிட்டது, மணிகள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன, தாமதமாக வருகிறது. அசாமிலும் வடகிழக்கிலும் இது சர்வ சாதாரணம். அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் உடம்புக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருந்துவிடலாம். ஆனால் நூற்றில் எத்தனை என்று கணக்குப் போடுகிற இடத்தில் இது குறுக்கே வருகிறது. ஹீமோகுளோபின் இ-யிலும் சர்க்கரை ஒட்டும், ஒட்டியது வேறு இடத்தில் போய் விழும், கருவி அதை ஏ1சி கணக்கில் சேர்க்காது. சில கருவிகள் இதைத் திருத்திக்கொள்ளும், சில திருத்தாது.

அவருக்கு போரனேட் முறையில் அளக்கும் லேபுக்கு இரத்தம் அனுப்பினோம். அதுவும் க்ரோமட்டோகிராபிதான், குழாய்க்குள் இருக்கும் மணிகள்தான் வேறு. அவை மின்னூட்டத்தைப் பார்ப்பதில்லை, ஒட்டிய சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. ஹீமோகுளோபின் எந்த வகையாக இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. அந்த எண் விரல் நுனிக் கணக்கோடு பொருந்தியது. டாக்டர் மருந்தை மாற்றினார்.

முதல் லேபிலும் அந்தக் கிராஃப் வந்திருக்கும். கருவி அதை வரையாமல் எண்ணைக் கொடுக்கவே முடியாது. யாரோ ஒருவர் பார்க்காமல் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மனிதரின் இரத்தத்தை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் கருவியை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். அது காட்டியதில் தொண்ணூறு பங்கைக் குப்பையில் போட்டுவிட்டு ஓர் எண்ணை மட்டும் நோயாளியிடம் கொடுக்கிறோம்.

அசாம்காரருக்குத்தானே இது என்று நினைக்க வேண்டாம். ஹீமோகுளோபின் மாறிவரும் இன்னொரு வகையான அரிவாளணுத் தன்மை இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நம் நீலகிரி மலைகளில்தான். 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். நாடு முழுவதும் அரிவாளணுச் சோகையை ஒழிக்கும் திட்டம் 2023 ஜூலை 1-இல் தொடங்கியது. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் உறுதிசெய்யப் பயன்படும் முக்கியக் கருவிகளில் ஒன்று இதே ஹெச்பிஎல்சி. அதே போல பீட்டா தலசீமியா. ஏ2 என்ற வகை மற்றவர்களுக்கு மூன்றரை சதவீதத்துக்குள் இருக்கும், தலசீமியா சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் நான்கைத் தாண்டி நிற்கும். சுமப்பவருக்கு நோய் கிடையாது. லேசான சோகை இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறாது, அவ்வளவுதான். ஆனால் சுமப்பவரும் சுமப்பவரும் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற நம் குடும்பங்களில் இந்தக் கணக்குக்குக் கனம் அதிகம். ஜாதகத்தோடு இந்த ஒரு கிராஃபையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கல்யாண வீடுகளில் நான் கூச்சமில்லாமல் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் மறுவாரம் வந்து இரத்தம் கொடுக்கிறார்கள். ஆனால் ஏ2வைச் சரியாகப் பார்க்க ஏ1சி ஓட்டம் போதாது, அதே கருவியிலேயே நீண்ட ஓட்டம் ஒன்று தனியாகக் கேட்க வேண்டும்.

கிராஃபைப் பார்த்தாலும் பிடிபடாத விஷயங்கள் உண்டு, அவற்றை நோயாளிதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். சமீபத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா? அது இன்னொருவருடைய சிவப்பணு, அவருடைய சர்க்கரைக் கணக்கும் உங்கள் எண்ணில் கலந்துவிடும். டயாலிசிஸ் செய்துகொண்டு இரத்தம் ஊற ஊசி போடுகிறீர்களா? புதிய அணுக்கள் அதிகம், அவற்றுக்குச் சர்க்கரை ஒட்ட நேரமே இருந்திருக்காது, எண் பொய்யாக இறங்கும். இரும்புச்சத்துக் குறைவால் சோகையா? அப்போது எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஆகவே ஒரு பெண்ணுக்கு 6.3 என்று வந்ததும் ‘உனக்கு சுகர் வரப்போகுது’ என்று வீட்டில் பயமுறுத்துவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று அதே ரிப்போர்ட்டில் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வரும் சுகரை இந்த எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. அவர்களுக்குச் சென்னை டாக்டர் வி. சேஷையா எளிமையாக்கிக் கொடுத்த முறை இருக்கிறது. 75 கிராம் குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை இரத்தம், 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட அதில் இல்லை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணை மனதில் வைத்துச் செய்த முறை அது.

இந்தக் குழாய்த் தொழில்நுட்பம் சர்க்கரையோடு நின்றுவிடவில்லை. வைட்டமின் டி அளவு, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சொட்டில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்பது, மாத்திரையில் அட்டையில் போட்ட அளவு மருந்து உண்மையிலேயே இருக்கிறதா என்பது, எல்லாவற்றுக்கும் இதன் உறவுக்காரக் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனிப் பதிவுக்கு உரியவை.

பெரியப்பா விஷயம் எளிது. அவர் கிராஃபில் வேண்டாத சிகரம் எதுவும் இல்லை, சோகையும் இல்லை. 8.4 என்பது 8.4தான். சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் 194 வருகிறது என்று காட்டினேன். ஏ1சியை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் வரும் எண் அது, உங்கள் எண்ணையும் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் 118 வைத்திருக்கிறவருக்குச் சராசரி 194 என்றால் சாப்பிட்ட பிறகு எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆறின சோறுதானே என்று இரவு இரண்டு தட்டு சாப்பிடுகிறவர் அவர். இப்போது சாப்பிட்ட பின் பார்க்கிறார்.

நீங்கள் அடுத்த தடவை போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள், முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். 7.0-க்கும் 7.2-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு எந்தக் கருவியும் சத்தியம் செய்யாது, அதற்காக அழவும் வேண்டாம், பாயசம் வைக்கவும் வேண்டாம். ரிப்போர்ட்டில் முறை என்ன என்று போடவில்லை என்றால் கேளுங்கள். ஹெச்பிஎல்சி என்றால் ‘கிராஃபும் சேர்த்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அரைத் தாள்தான், கருவியிலேயே இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் வந்துவிடும். தர மாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். வாங்கியதை டாக்டரிடம் காட்டுங்கள். விரல் நுனிக் கணக்கும் ஏ1சியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் ஃப்ரக்டோசமைன் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, இரண்டு மூன்று வாரச் சராசரியை இரத்தப் புரதங்களிலிருந்து சொல்லும், ஹீமோகுளோபின் பக்கமே போகாது. அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். காரைக்காலில் இப்போது ஜிப்மரின் கிளையே 2016-இலிருந்து இருக்கிறது, சந்தேகம் கேட்க முன்போல புதுச்சேரி வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

லேபில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒன்று. நாளைக்குக் காலையில் கண்ட்ரோல் ஓட்டி முடித்துவிட்டு வழக்கமான டியூப்களை ஏற்றுவீர்கள். எண்ணை அனுப்புவதற்கு முன்னால் திரையில் ஒவ்வொரு கிராஃபையும் ஐந்து விநாடி பாருங்கள். ஏ0-வுக்குப் பின்னால் ஏதாவது நிற்கிறதா, எஃப் அளவுக்கு மீறி இருக்கிறதா, மொத்தப் பரப்பு குறைந்து போய்க் கருவி எச்சரிக்கிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த ரிப்போர்ட்டை நிறுத்தி வையுங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.